ஆளுக்குப் பாதி

மார்ச் 4

தம்பிக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்கு முன் நாலு வரியாவது கண்ணில் படும் என்றுதான் எழுதுகிறேன். அந்த நாலு வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தானுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்கிறார்கள். அதைத் தடுக்க உன்னிடம் ஒரு மருந்து இருக்கிறது. ஒரே ஒரு பாட்டில் அனுப்பு.

மிச்சத்தையும் படிப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போன வருஷம் ஒரு நாள் அவருடைய ஷூவுக்குள் ஒரு கல் கிடந்திருக்கிறது. அதோடு முழு டூட்டியும் பஸ் ஓட்டியிருக்கிறார். சர்க்கரை வந்த காலாயிற்றே, ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் ரத்தம். "அட, ஒரு பாசெஞ்சர் டிக்கெட் எடுக்காம வந்திருக்கான் பாரு" என்று அந்தக் கல்லை எடுத்து என்னிடம் காட்டிச் சிரித்தார். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு கட்டைவிரலை எடுத்தார்கள். அடிப்பாதத்துப் புண் மட்டும் மூடவே இல்லை. தீப்பெட்டி அளவு இருக்கும். வாசனைக்காக எல்லா ஜன்னலையும் திறந்தே வைத்திருக்கிறேன். டெப்போவில் ஒரு மூலையில் உட்காரவைத்து, வருகிற வண்டிகளை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கால் போனால் அந்த மூலையும் இல்லை என்று மேனேஜர் நேராகச் சொல்லவில்லை. சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டார்.

கட்டுப் போடும் அறையில் இருக்கும் நர்ஸ்தான் சொன்னாள், ஸ்டெம் செல் விடும் சுரப்பைப் புண்ணில் போட்டால் ஆறுகிறதாம் என்று. எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. ஒரு நாள் இங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ சொன்னாயே: "இத்தனை நாளா செல்லை எடுத்துக்கிட்டு, அது கிடந்த தண்ணியைக் கீழ ஊத்திட்டு இருந்தோம்க்கா. இப்பதான் தெரியுது, விஷயமே அந்தத் தண்ணியிலதான் இருக்கு." நான் பரிமாறுகிற மும்முரத்தில் சரியாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ கீழே ஊற்றுகிற தண்ணீரைத்தானேடா கேட்கிறேன்.

பெண் வீட்டார் முன்னால் அவர் உன்னை "எலி டாக்டர்" என்றது தப்புதான். அந்தச் சம்பந்தம் முறிந்தது அதனால்தான் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வருஷமாக நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்க முடியுமா என்றுதான் கேட்கிறேன்.

அக்கா

---

மார்ச் 12

அக்காவுக்கு,

கடிதத்தை முழுவதும் படித்தேன். இரண்டு தடவை.

பாட்டில் அனுப்ப முடியாது. கோபத்தால் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு. "எலி டாக்டர்" என்றதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெண்ணின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தபோது, நீயும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாய். அத்தான் செய்ததை நான் அடுத்த வாரமே மறந்திருப்பேன்.

அது இருக்கட்டும். நீ நினைக்கிற தண்ணீர் வேறு, நாங்கள் எடுப்பது வேறு. செல்களைத் தட்டுகளில் வளர்க்கிறோம். அப்போது அவை கிடக்கும் தண்ணீரில் நாங்கள் போட்ட தீனியும் இருக்கும், அவை விட்ட கழிவும் இருக்கும். அதை இன்றைக்கும் கீழேதான் ஊற்றுகிறோம். அதைப் புண்ணில் ஊற்றினால் காலோடு நிற்காது, ஆளே போய்விடுவார். தட்டு நிறைந்த பிறகு செல்களை நன்றாகக் கழுவி, தீனியை நிறுத்தி, சுத்தமான நீரில் இரண்டு நாள் விடுவோம். பசியில் கிடக்கிற செல்கள் சும்மா கிடப்பதில்லை. தமக்குள்ளிருந்து என்னென்னவோ வெளியே விடுகின்றன. அந்த நீரை வடிகட்டி, செறிவாக்கி, குப்பியில் அடைப்பதுதான் என் வேலை. ஒரு தும்மல் போட்டால் ஒரு வார வேலை குப்பைக்குப் போய்விடும். புண்ணைச் சுற்றித் தூங்கிக் கிடக்கும் தோலையும் ரத்தக் குழாய்களையும் இந்தச் சுரப்பு தட்டி எழுப்பும் என்பது எங்கள் நம்பிக்கை. எலிகளிடம் எழுப்பியது. மனிதர்களிடம் எழுப்புகிறதா என்று இனிமேல்தான் தெரியவேண்டும்.

அதற்கான சோதனை உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது. மூன்றாவது மாடி, புண் சிகிச்சைப் பிரிவு. அங்கே இருக்கும் டாக்டரம்மாவைப் போய்ப் பார். சேருபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான சுரப்பு, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மருந்துநீர். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும். அப்படி மறைத்து வைத்தால்தான் மருந்து வேலை செய்ததா, மனசு வேலை செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

இன்னொன்று. இந்த வேலையில் இருப்பவர்களின் உறவினரைச் சேர்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் உன் தம்பி என்று அங்கே வாயைத் திறக்காதே. இந்த வரியை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததில்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. அங்கே போய்விட்டு வந்து எழுது.

தம்பி

---

ஏப்ரல் 2

தம்பிக்கு,

சேர்த்துக்கொண்டார்கள்! கணுக்காலில் பட்டை கட்டி ரத்த ஓட்டம் பார்த்தார்கள், சரியாக இருக்கிறதாம். கையெழுத்துப் போடச் சொன்ன தாள்களை அவர் படிக்கவே இல்லை. "மச்சான் ஊத்துற தண்ணி, படிக்கிறதுக்கு என்ன இருக்கு" என்று சொல்ல வந்தவரை நல்லவேளை தொடையில் கிள்ளி நிறுத்தினேன்.

நான் சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், சிரித்தேன். புருஷன் நாலு பேர் முன்னால் ஜோக் அடிக்கும்போது பெண்டாட்டி சிரிக்காமல் இருந்தால் வீட்டுக்கு வந்து என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காது, முகம் வாடிப்போவார். அதைப் பார்க்க எனக்கு ஆகாது. உன் முகம் வாடியதை நான் பார்க்கவில்லை.

வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். செத்த சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடி மாதிரி ஒரு தாளைப் புண்மேல் வைத்துப் பேனாவால் ஓரம் வரைகிறார்கள். அந்த வாரத்துக்கான குப்பிகளைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டில் பிரிட்ஜில் வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நானே ஊற்றிக் கட்டவேண்டும். காலிக் குப்பிகளைத் திருப்பித் தரவேண்டும்.

எங்களோடு அதே நாளில் ஒரு பெயின்டரும் சேர்ந்தார். ஏணிப்படி குத்திக் குதிகாலில் புண். உன் அத்தான் அவரைப் "பங்காளி" என்றே கூப்பிடுகிறார். புண்ணில் பங்காளியாம். அவருடைய மனைவி ஒடிசலான பெண், துணி தேய்த்துக் கொடுக்கிறவள். நாங்கள் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெரு. "வீட்டுல பிரிட்ஜ் இருக்கா?" என்று நர்ஸ் கேட்டதும் "இருக்கு, இருக்கு" என்று தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்க வீட்டுல பானைதான் இருக்கு. இல்லேன்னு சொன்னா சேர்க்க மாட்டாங்கன்னு பயந்துட்டேன். உங்க வீட்டுல வச்சுக்கிறீங்களா?" என்றாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இப்போது இரண்டு பெட்டிகளும் எங்கள் பிரிட்ஜில், ஒரே தட்டில் இருக்கின்றன.

இதற்கும் விதி ஏதாவது வைத்திருப்பீர்கள். எழுதாதே.

அக்கா

---

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

விதி இருக்கிறது. எழுதாதே என்று நீ கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு பாத்திரத்தையாவது வை.

எனக்குக் கவலை வேறு. அத்தான் காலை ஊன்றி நடக்கிறாரா? நடந்தால் எந்தச் சுரப்பும் எடுபடாது. தினமும் வளரும் சதையை அவரே மிதித்துக் கலைப்பார். கட்டிலைவிட்டு இறங்கினால் ஊன்றுகோல் இருக்கவேண்டும். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு ஜோக் அடிக்கட்டும், தடையில்லை.

நாங்கள் இங்கே இந்தச் சோதனையை மலைபோல் நம்பியிருக்கிறோம். முடிவு சரியாக வரவில்லை என்றால் இந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள். தட்டுகளில் கிடக்கும் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகூடத் தீனி மாற்றவேண்டும். அதனால் எனக்கு ஞாயிறு என்பதே கிடையாது. கல்யாணம் ஆகாததற்கு அத்தானின் வாய் மட்டும் காரணமில்லை என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. இதை அவரிடம் சொல்லிவிடாதே. இன்னும் கொஞ்ச நாள் அவருக்குக் குறுகுறுப்பு இருக்கட்டும்.

கையைக் கழுவிவிட்டுக் கட்டு. குப்பியின் வாய் எதிலும் படக்கூடாது.

தம்பி

---

ஏப்ரல் 27

தம்பிக்கு,

பெயின்டரின் புண் ஆறுகிறது.

குதிகாலில் சிவப்பாக, புதுசாக, சதை எழும்பி வருகிறது. நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தக் கண்ணாடித் தாள்களை வரிசையாக வைத்து டாக்டரம்மா காட்டினார். பெயின்டருடைய படம் வாரா வாரம் சின்னதாகிறது. நம்முடையது பெரிதாகிறது. ஓரத்தில் சாம்பல் நிறம் வேறு. உன் அத்தான் ஊன்றுகோலோடுதான் இருக்கிறார், சத்தியமாகச் சொல்கிறேன், கீழே ஊன்றுவதே இல்லை. ஒருநாள்கூடக் கட்டை மாற்றத் தவறியதில்லை. அப்படியும் ஏன்?

ஏன் என்று எனக்குத் தெரியும். நமக்கு வந்தது வெறும் தண்ணீர். பெயின்டருக்குப் போனது உண்மை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்துப் பெட்டி என்னைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே நிறம், ஒரே குப்பி, எண் மட்டும்தான் வேறு. எங்கள் எண் எந்தப் பக்கம் என்று நீ சொல்லவேண்டும். உனக்குத் தெரியாது என்று மறுபடியும் எழுதாதே. தெரிந்தவன் ஒருவன் அங்கே இருப்பான், அவனிடம் கேள். காலில் விழு. நான் உன்னிடம் விழவில்லையா?

மே மாதம் பாதிக்குள் மாற்றம் தெரியாவிட்டால் காலை எடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது. உன் அத்தான் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டார். வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் வழியே போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு, "இது மூணாம் கியர்ல இழுக்குது, புதுப்பையன் போல" என்று முணுமுணுக்கிறார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

எனக்கு ஒரு யோசனை வருகிறது. அதை எழுதமாட்டேன்.

அக்கா

---

மே 2

அக்கா,

அதைச் செய்யாதே. நீ எழுதாவிட்டாலும் எனக்குப் புரிந்தது. அது இன்னொருவரின் கால். அவருக்கும் பெண்டாட்டி இருக்கிறாள், உன்னை நம்பித்தான் பெட்டியை உன் வீட்டில் வைத்திருக்கிறாள்.

எண்ணின் அர்த்தம் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. பூட்டி வைத்திருப்பது வேறு ஊரில், வேறு ஆட்கள். இது சத்தியம்.

பெட்டியை இன்றைக்கே வேறு யார் வீட்டுக்காவது மாற்று. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

---

மே 14

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுத நாலு தடவை உட்கார்ந்து எழுந்தேன்.

பிரிட்ஜின் ஈரத்தில் குப்பியின் ஒட்டுத்தாள்கள் ஓரம் விட்டிருந்தன. ஒன்று தானாகவே கையோடு வந்துவிட்டது. நான் உரிக்கவில்லை, அதுவாக வந்தது என்று முதல் நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மற்றவற்றை நான்தான் உரித்தேன். எங்கள் எண்ணை அவர்கள் குப்பியில் ஒட்டினேன், அவர்கள் எண்ணை எங்கள் குப்பியில். பெயின்டரின் மனைவி வந்து வழக்கம்போல ஒன்றை வாங்கிப் போனாள். "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்து நாள் இப்படி நடந்தது. நம்முடைய புண்ணில் லேசாகச் சிவப்பு தெரிகிற மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ என்னவோ. ஆனால் போன வாரம் பெயின்டரின் படம் சின்னதாகவில்லை. அப்படியே நின்றுவிட்டது. "சில வாரம் இப்படி நிக்கும், பயப்படாதீங்க" என்று டாக்டரம்மா சொன்னார். அவள் பயந்துபோய் என் தோளில் சாய்ந்து அழுதாள். என் தோளில், தம்பி! வேறு யார் தோளும் கிடைக்கவில்லையா அவளுக்கு?

என்னால் தாங்கமுடியவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து, பிரிட்ஜைத் திறந்து காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம், "உங்க இடத்துல நானா இருந்திருந்தா முதல் வாரமே மாத்தியிருப்பேன்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு டம்ளர் குடுங்க" என்றாள்.

தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன். டம்ளரை வாங்கி, இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு குப்பியை எடுத்து, இரண்டையும் அதில் ஊற்றினாள். "எது நிஜம்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆளுக்குப் பாதி. யாருக்கும் முழுசா இல்லாமப் போக வேணாம்" என்றாள்.

அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறோம். டம்ளரைக் கொதிக்க வைத்துத்தான் எடுக்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பாதி அளவு போதுமா? பாதிக்குப் பாதியாவது பலன் இருக்குமா? திட்டுவதை அப்புறம் திட்டு. இதற்கு மட்டும் முதலில் பதில் எழுது.

அக்கா

---

மே 18

அக்கா,

இந்தக் கடிதத்தை உங்கள் ஊருக்கு வரும் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அத்தான் பெயரைச் சொன்னதும் வாங்கிக்கொண்டார். படித்ததும் அத்தானைத் தொட்டுப் பார். உடம்பு சுட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. பெயின்டர் வீட்டுக்கும் ஆள் அனுப்பு.

டம்ளரிலா ஊற்றினீர்கள்? தும்மலுக்குக்கூட நாங்கள் பயந்து, கதவுக்குள் கதவு வைத்து, முகத்தை மூடிக்கொண்டு அடைக்கிற குப்பி அது. கொதித்த டம்ளரை எதன்மேல் வைத்தாய்? எந்தத் துணியால் துடைத்தாய்? இரண்டு திறந்த புண்கள், அக்கா. இரண்டு பேருக்கும் சர்க்கரை.

நான் சொல்லிவிட்டேன். மேலதிகாரியின் அறைக்குப் போய், எல்லாவற்றையும் சொன்னேன். நீ மாற்றியது, கலந்தது, நீ என் அக்கா என்பது, மறைக்கச் சொன்னது நான்தான் என்பது எல்லாமே. இனி என் பக்கம் என்ன ஆகும் என்று தெரியவில்லை, அதைப் பற்றி இப்போது யோசிக்கவும் முடியவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் புண்ணில் ஏதாவது கிருமி இறங்கியிருந்தால், அது எப்படி வந்தது என்று தெரியாமல் டாக்டரம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பொய்யான படத்தை நம்பி நாளைக்கு எத்தனையோ பேருடைய காலில் இதை ஊற்றுவோம். உன் தம்பியாக மட்டும் இருந்திருந்தால் வாயை மூடியிருப்பேன். குப்பியை அடைக்கிறவனாகவும் இருக்கிறேனே.

ஆபத்து என்பதால் உங்கள் இரண்டு எண்களை மட்டும் திறந்து பார்த்தார்கள்.

இரண்டுமே உண்மையான சுரப்பு, அக்கா. முதல் நாளிலிருந்தே. அத்தானுக்கும் அதுதான், பெயின்டருக்கும் அதுதான். நீ மாற்றியதில் ஒன்றும் மாறவில்லை. பாதி பாதியாக ஊற்றியதில் ஒன்றும் குறையவில்லை. யாரிடமிருந்தும் நீ எதையும் எடுக்கவில்லை.

இதைப் படித்து நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டு பேரையும் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வீட்டில் இருக்கும் குப்பிகளை எடுத்துப்போக ஆள் வருவார்கள். பெயின்டருக்கு மட்டுமாவது தொடர்ந்து கொடுங்கள் என்று கேட்டேன். சோதனைக்கு வெளியே கொடுக்க அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சோதனையில் நன்றாக ஆறிவந்த புண்களில் அவருடையதும் ஒன்று. இனி அந்தக் குதிகால் எந்தக் கணக்கிலும் இல்லை.

உண்மையான மருந்து போட்டும் அத்தானுக்கு ஏன் ஆறவில்லை? கணுக்காலில் பட்டை கட்டிப் பார்த்த அளவு சர்க்கரைக்காரர்களிடம் சில சமயம் ஏமாற்றும். குழாய் கெட்டியாகிப் போயிருந்தால், அடைப்பு இருந்தாலும் அளவு சரியாக இருக்கிற மாதிரியே காட்டும். ரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல். இன்றைக்கே சொல்.

தம்பி

---

மே 21

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. இப்போது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். படம் எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே குழாய்கள் அடைத்துக் கிடக்கின்றனவாம், திறக்கிற நிலையில் இல்லையாம். விரல்கள் கறுத்துவிட்டன. நாளை மறுநாள் அந்தக் காலை எடுக்கிறார்கள். அதற்குள் உனக்குக் கிடைக்கட்டும் என்று இதை அதே பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பெயின்டருக்குக் காய்ச்சல் இல்லை. குப்பிகளை எடுத்துப்போக இரண்டு பேர் வந்தபோது அவருடைய மனைவியும் இருந்தாள். பெட்டிகளைத் தூக்கும்போது, "அது நிஜ மருந்துதானே, ஒண்ணே ஒண்ணு விட்டுட்டுப் போங்கய்யா" என்று பின்னாலேயே படி இறங்கி ஓடினாள். அவளிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டியது நான்தான். படித்திருக்கக் கூடாது.

நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு அது கிடைத்துக்கொண்டே இருந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் கிடைத்திருக்கும். நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

அவர் உன்னைக் கேட்கிறார். எனக்காக இல்லை, அவருக்காக வா.

அக்கா

---

ஜூன் 11

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அங்கே இருந்தபோது நாம் பேசிக்கொண்டதெல்லாம் "டீ வேணுமா", "வேணாம்" என்பதுதான். அதனால் இதை எழுதுகிறேன்.

என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. செல் அறைக்குள் மட்டும் விடமாட்டார்கள். வெளியே கண்ணாடிச் சாமான் கழுவும் பகுதியில் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு புதுப்பெண் என் தட்டுகளுக்குத் தீனி மாற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். கொஞ்சம் வேகமாக ஊற்றுகிறாள். கத்தவேண்டும் போல இருக்கிறது, உள்ளே கேட்காது.

நீ கேட்காமல் கேட்ட கேள்விக்குப் பதில்: டம்ளரால் இல்லை. ரத்தம் போகாத காலில் எதைப் போட்டாலும் அது பேசுவதைக் கேட்க ஆளில்லை. அடைப்பு பழசு என்று சர்ஜனே சொன்னார். டம்ளர் இல்லாவிட்டாலும் அந்தக் கால் போயிருக்கும். இது உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்வது அல்ல. ஆனால் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று என்னால் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வராது எனக்கு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது அத்தான் என்னிடம் கேட்டார். "மச்சான், நீ செல்லை எங்கேருந்து எடுக்கிற?" என்றார். நல்ல உடம்புக்காரர்களுக்கு ஆபரேஷன் செய்யும்போது வெட்டி எறிகிற கொழுப்பிலிருந்து என்று சொன்னேன். "அப்ப என் காலையும் எறியத்தானே போறாங்க. அதுலேருந்து எடுத்து அந்தப் பெயின்டருக்கு ஊத்தேன். அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியலைடா" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். சர்க்கரையில் அடிபட்ட உடம்பின் செல்கள் வளரும், ஆனால் சரியாகச் சுரக்காது. அப்படியே சுரந்தாலும் என்னை உள்ளே விடமாட்டார்கள். இதை அவரிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை. அந்த மனுஷனிடம் இத்தனை வருஷம் கோபமாக இருந்திருக்கிறேன்.

தம்பி

---

ஜூலை 19

தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமானது கோபத்தால் இல்லை. கோபமும் கொஞ்சம் உண்டு, மறைக்கமாட்டேன். நீ மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் என்று பாத்திரம் கழுவும்போது நினைக்கிறேன். நான் மட்டும் அந்த ஒட்டுத்தாளைத் தொடாமல் இருந்திருந்தால் என்று துணி மடிக்கும்போது நினைக்கிறேன். ஒரு நாள் உன் முறை, ஒரு நாள் என் முறை.

செல்லைப் பற்றி அவரிடம் சொன்னேன். "ஸ்பேர் பார்ட்ஸுக்குக்கூட ஆகாத வண்டியா நான்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். டெப்போவிலிருந்து கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். வெட்டிய இடம் ஆறிவருகிறது. அங்கே ரத்தம் ஓடுகிறதாம், வெறும் கட்டுத்துணியிலேயே ஆறுகிறது. கட்டு மாற்றும்போது நான் அதைப் பார்ப்பதில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். "பாரு, இது உன் வீட்டுக்காரன்தான்" என்கிறார். பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பெயின்டரின் மனைவி வந்தாள். குப்பிகளை எடுத்துப்போன பிறகு அவள் வந்ததே இல்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். இவர் சக்கர நாற்காலியில் ஹாலில் உட்கார்ந்திருந்தார். அவள் இவருடைய மடித்துக் கட்டிய கால்சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் எனக்குப் புரிந்துவிட்டது.

"மூடிருச்சா?" என்று நானே கேட்டேன்.

தலையை ஆட்டினாள். வெறும் கட்டிலேயே, மெதுவாக, மிச்சமும் மூடிவிட்டதாம். நேற்று ஏணி ஏறினாராம். சந்தோஷப்படக்கூடப் பயந்துகொண்டு, ஏதோ திருடியவள் மாதிரி அதைச் சொன்னாள்.

இவர் கை தட்டினார், தம்பி. நாற்காலி ஆடுகிற அளவுக்குத் தட்டினார். "பங்காளி ஜெயிச்சுட்டான்யா! போய் அவனைக் கூட்டிட்டு வா, அந்தக் குதிகாலை நான் பார்க்கணும்" என்று கத்தினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. அந்தக் குதிகாலை நினைத்தால் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வருகிறது. அவள் வீட்டில் இரண்டு கால் இருக்கிறது, என் வீட்டில் ஒன்று இருக்கிறது. இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அழுது முடித்து டீ போட்டுக் கொடுத்தேன், அவள் குடித்துவிட்டுப் போனாள்.

நீ செய்தது சரி. இதை எழுதிவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

உன் அக்கா